புரவலன் பெயர்

பாஸ்வேர்டை அடித்துவிட்டு ஆராவமுதன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது பத்து. மறுபடி பார்த்தபோது ஒன்பது பதினைந்து. திரையில் நீலத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

ஜன்னலுக்கு வெளியே மீன்கூடைகளோடு பதினோரு பெண்கள் நின்றிருந்தார்கள். கடப்பாக்கம் மீன் விற்கும் மகளிர் சங்கத்தில் ஐஸ் வாங்க வேண்டுமானால் சீட்டு வேண்டும். சீட்டு கம்ப்யூட்டரில்தான் அச்சாகும்.

"இன்னா சார், உன் பொட்டி இன்னும் தூங்கிகினு கீதா?" என்றாள் வரிசையில் முதலில் நின்ற அம்சா. "மீனு என் தலைமேலயே கருவாடாப் பூடும் போல கீதே."

"இதோ வந்துடும்மா."

சனிக்கிழமை வரை அது அரை நிமிஷத்தில் வந்துகொண்டிருந்தது. லினக்ஸ் கம்ப்யூட்டர், திரை முழுக்கத் தமிழ். சனிக்கிழமை மாலை, 'புதுப்பிப்புகள் உள்ளன, நிறுவலாமா?' என்று அதுவே கேட்டது. மரியாதையாகக் கேட்டால் மாட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லாத மனிதர் ஆராவமுதன். சரி என்றார். நடுவில் இரண்டு மூன்று கேள்விகள் வந்தன. அவற்றுக்கும் பொறுப்பாகப் பதில் அடித்துவிட்டு செங்கல்பட்டு பஸ்ஸைப் பிடித்தார். திங்கட்கிழமை வந்து பார்த்தால் இந்தக் கோலம்.

சங்கத் தலைவி வச்சலா உள்ளே வந்தாள். குரலைக் குறைத்துப் பேசுவது அவளுக்குக் கைவராத கலை.

"கிளார்க்கு சார், வெள்ளிக்கெயம ஜானகிராமன் ஐயா வர்றாரு. அவுரு குடுத்தத நாம எப்டி வெச்சிகினு கீறோம்னு பாக்கணுமாம். மனசு குளுந்துச்சின்னா பெரிய ஐஸ் பெட்டி ஒண்ணு வாங்கித் தரேன்னு சொல்லிக்கீறாரு."

"ஐஸ் பெட்டியா?"

"ஆமா. அது வந்துச்சின்னா இவளுங்க தெனம் இப்டி வெயில்ல காய வாணாம். மிஞ்சின மீனக் கொட்டவும் வாணாம். பாத்து நடந்துக்கோ."

ஆராவமுதன் நீலத் திரையைத் திரும்பிப் பார்த்தார். எழுத்தர் வேலைக்கு அவர் இங்கே வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. ஜானகிராமன் ஐயாவைப் பார்த்ததில்லை. அவரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் கம்ப்யூட்டர் மேஜையின் விளிம்பில் சிவப்புப் பெயின்டில் இருந்த ஒரு வரிதான்: 'உபயம்: இரா. ஜானகிராமன், கருங்குழி.' கோயிலாக இருந்தால் ட்யூப் லைட் முழுக்க உபயம் எழுதி வெளிச்சத்தையே மறைத்துவிடுவார்கள். இங்கே விவரமானவர்கள், திரையை விட்டுவிட்டு மேஜையில் எழுதியிருந்தார்கள்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். கொடுத்தவரே பல்லைப் பார்க்க வந்தால் என்ன செய்வது?

மனைவியின் தம்பி ஹரிசங்கர் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். ஆராவமுதன் அவனுக்கு போன் போட்டார்.

"திரையில என்ன படம் வெச்சிருக்கேள், அத்திம்பேர்?"

"மாமல்லபுரம் தலசயனப் பெருமாள். பெரிசா."

"ரொம்பப் பெரிய படமா இருந்தா இழுக்கும். எடுத்துப் பாருங்கோ."

கன்னத்தில் போட்டுக்கொண்டு பெருமாளை எடுத்தார். செவ்வாய்க்கிழமை ஏழு நிமிஷம் ஆனது. சயனத்தில் இருப்பவரை எழுப்பியிருக்க வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியது.

புதன்கிழமை மறுபடியும் போன்.

"டப்பா சூடா இருக்கா பாருங்கோ, அத்திம்பேர்."

ஆராவமுதன் தொட்டுப் பார்த்தார். "தோசை வார்க்கலாம்."

"அதான். அடியில காத்துப் போக வழி பண்ணுங்கோ. நான் மீட்டிங்ல இருக்கேன்."

வச்சலா அன்று புதுப்பட்டினத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். ஆராவமுதன் பியூன் சிங்காரத்தைக் கூப்பிட்டார். போன மாதம்வரை படகு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவன் அவன். எதைக் கொடுத்தாலும் ஓட்டை போடவும் தெரியும், அடைக்கவும் தெரியும்.

"மேஜையில ஓட்டை போடணும்ப்பா. டப்பாக்கு அடியில, காத்துப் போற மாதிரி."

சிங்காரம் மேஜையைத் தடவிப் பார்த்தான். "சார், சொக்கத் தேக்கு சார் இது. மனசு வரல."

"மேஜை முக்கியமா, ஜானகிராமன் ஐயா குடுத்தது முக்கியமா?"

சிங்காரம் படகுத்துறையிலிருந்து துளை போடும் மெஷினைக் கொண்டுவந்தான். முதலில் நான்கு ஓட்டை போட்டான். காற்று போதவில்லை என்று பட்டதால் இன்னும் ஐந்து. நடுவில் ஒன்றைப் பெரிதாக்கி ஒயர்களையெல்லாம் அதன் வழியே கீழே இறக்கி, தூண்டில் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். மேலே டப்பாவை வைத்ததும் ஓட்டைகள் மறைந்துவிட்டன. வேலை சுத்தம் என்று ஆராவமுதன் மெச்சினார்.

வியாழக்கிழமை ஒன்பது நிமிஷம் ஆனது.

"பேசாம கைல எய்தி குடு சார்," என்றாள் அம்சா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பாவம் பார்த்துச் சொன்னாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. பதினோரு சீட்டையும் கையால் எழுதிக் கொடுத்தார். தன்னால் இந்தப் பெண்களுக்கு ஐஸ் பெட்டி வராமல் போகப் போகிறது என்ற நினைப்பில் கொண்டுவந்த தயிர்சாதத்தைத் திறக்கவே இல்லை.

பகல் ஒரு மணிக்கு ஹரிசங்கர் தானாகவே கூப்பிட்டான்.

"அத்திம்பேர், அப்டேட் நடுவுல ஏதாவது கேட்டுதா?"

"கேட்டுது. 'புரவலன் பெயர்' என்னன்னு கேட்டுது."

"நீங்க என்ன போட்டேள்?"

"புரவலன்னா கொடையாளிதானேடா? ஜானகிராமன்னு போட்டேன். இங்கிலீஷ்லதான்."

அந்தப் பக்கம் ஹரிசங்கர் நெற்றியில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"அது மெஷினோட பேரு, அத்திம்பேர். ஹோஸ்ட் நேம். அதைத் தமிழ்ல அப்படி மொழிபெயர்த்து வெச்சிருக்கா. உள்ள ஒரு முகவரி ஃபைல் இருக்கு. அதுல பழைய பேருதான் இருக்கு. ஒவ்வொரு தடவை நீங்க உள்ள போறச்சேயும் அது, யாரு இந்த ஜானகிராமன்னு ஊரெல்லாம் விசாரிச்சுட்டு வரது."

"அவர் கருங்குழியில இருக்கார்டா."

"அது அதுக்குத் தெரியாது. ஒண்ணு பழைய பேரையே வையுங்கோ. இல்லேன்னா அந்த ஃபைல்ல இவர் பேரையும் எழுதுங்கோ."

கொடுத்தவர் பெயரை எடுப்பதாவது? ஆராவமுதன் இரண்டாவது வழியைப் பிடித்தார். ஹரிசங்கர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல, ஒற்றை விரலால் அடித்து அந்த ஃபைலில் ஜானகிராமனைச் சேர்த்தார். அணைத்துப் போட்டார். பாஸ்வேர்டை அடித்தார்.

இருபது விநாடி.

நம்பாமல் மறுபடி போட்டார். பத்தொன்பது. பெருமாளைத் திரும்பக் கொண்டுவந்து சயனிக்க வைத்தார். அதற்குப் பிறகும் இருபதுதான். மூன்று மணிக்குத் தயிர்சாதம் அமிர்தமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. ஜானகிராமன் ஐயா அளந்து பேசுகிற, அறுபது வயது மனிதர். பின்னாலேயே அவருடைய டிரைவரும் வந்தான். வச்சலா சோடா கொடுத்தாள். பதினோரு பெண்களும் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"வாங்கோ ஐயா. நீங்களே நேரம் பாருங்கோ," என்றார் ஆராவமுதன்.

கம்ப்யூட்டரைப் போட்டார். 'janakiraman நல்வரவு கூறுகிறது' என்று திரை வணங்கியது. பாஸ்வேர்டை அடித்தார். பெருமாள் வந்தார்.

"இருபதே விநாடி," என்றார். கண்ணில் லேசாக நீர்கூடக் கட்டியது.

ஐயா திரையைப் பார்க்கவே இல்லை. மேஜையின் விளிம்பில் தன் பெயரைப் படித்தார். மேல்துண்டால் அதை ஒருமுறை துடைத்தார்.

"இந்த டப்பாவக் கொஞ்சம் நகத்துப்பா," என்றார் டிரைவரிடம்.

உள்ளே பின்னே எல்லாம் பார்க்கிறாரே, நுணுக்கமான மனிதர் என்று ஆராவமுதன் நினைத்துக்கொண்டார். டிரைவர் டப்பாவைத் தூக்கி ஓரமாக வைத்தான்.

ஐயா ஓட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். நடுவில் இருந்த பெரிய ஓட்டைக்குள் ஆள்காட்டி விரலை விட்டார். அது மறுபக்கம் எட்டிப் பார்த்தது. வச்சலா சோடா பாட்டிலைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். சிங்காரத்தை மட்டும் எங்கும் காணவில்லை.

"இது இன்னா?" என்றார் ஐயா மெதுவாக.

"காத்துக்குத்தான் ஐயா," என்றார் ஆராவமுதன் பெருமையோடு. "நீங்க குடுத்த கம்ப்யூட்டர் சூடாகப்படாதுன்னு நானே பக்கத்துல நின்னு போடச் சொன்னேன்."

ஐயா டிரைவரைத் திரும்பிப் பார்த்தார். டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டே ஆராவமுதனிடம் சொன்னான்:

"கம்ப்யூட்டர் பத்தி எங்களுக்கு இன்னா சார் தெரியும்? எங்களுது மரக்கடை."