இன்டர்வியூவுக்கு என் மனைவியைத் தயார் செய்த விதம்

அந்தப் பதிவுத் தபால் வந்த அன்று காலை பத்து மணி வரைக்கும் நான் சந்தோஷமான மனிதன். கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே பதினோரு ஏக்கர் பூமி. பாதி தென்னை, பாதி நிலக்கடலை. கல்யாணமாகி இரண்டு வருஷம். ரத்தினசாமிக் கவுண்டர் தோட்டம் என்றால் வேலந்தாவளம் வரை தெரியும். அந்தத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வது என் மனைவி கமலாத்தாள். ஆட்களை ஏவுவாள், மோட்டார் போடுவாள், கடலை வியாபாரியிடம் பேசுவாள், வந்து சமைப்பாள். நான் பேப்பர் படிப்பேன். வேலையைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டிருந்தோம்.

தபால் அவள் பேருக்கு வந்திருந்தது. கமலாத்தாள், பி.காம். அனுப்பியது கோயமுத்தூரில் ஒரு காலேஜ். வருகிற இருபதாம் தேதி நேர்முகத் தேர்வு. இரண்டு வருஷப் படிப்பு. ஹாஸ்டலில் தங்க வேண்டும். தபாலை எடுத்துக்கொண்டு அவளிடம் ஓடினேன்.

"ஏம் புள்ள, இதென்ன?"

"எம்.பி.ஏ.வுல சேரறதுக்கு அபேட்சை போட்டிருந்தனுங்க. கூப்பிட்டிருக்கறாங்க."

"எப்பப் போட்டே?"

"போன மாசமுங்க. உங்ககிட்டக் கேட்டுத்தான் போட்டேன். பேப்பர் படிச்சிட்டிருந்தீங்க. 'ம்'னு சொன்னீங்க."

சொல்லியிருப்பேன். பேப்பருக்குப் பின்னாலிருந்து நான் எதற்கும் 'ம்' என்றுதான் சொல்வேன். வீடு தீப்பிடித்தது என்றாலும் சொல்வேன்.

எம்.பி.ஏ. என்பது எனக்கு ஒரே விதமாகத்தான் விரிந்தது. எம் பிழைப்பு ஏறக்கட்டியாச்சு.

வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. பெண் பார்க்கப் போன அன்று, வண்ணாமடையில், அறுபது பேர் முன்னால், "உங்க புள்ள எத்தனை படிக்கோணும்னாலும் படிக்கட்டுங்க" என்று மாமனார் மாரப்பனிடம் நான் சொல்லியிருந்தேன். அப்போது கையில் மைசூர்பாகு இருந்தது. மனிதன் அந்த நிலையில் எதையும் சொல்வான். என் மாமனார் எதையும் மறக்காதவர்.

அடுத்த தோட்டத்துக் காளிச்சாமியிடம் ஓடினேன். கூட்டுறவு சொசைட்டியில் கிளார்க். அதற்கு முன் ஏழு இன்டர்வியூக்களில் தோற்றவர். எட்டாவதற்கு வேறு யாரும் வராததால் தேறியவர்.

"மாப்ளே, பேடிக்காதே, பயம் வேண்டாம்" என்றார் காளிச்சாமி. "தடுத்தா நீ கெட்டவன். அதனால தடுக்காதே. நீயே கூட உட்கார்ந்து சொல்லிக்குடு."

"சொல்லிக்குடுத்தா பாஸாயிருவாளே."

"எப்படித் தோத்தேன்னு நான் உனக்குச் சொல்றேன். அதை அவளுக்கு நீ சொல்லு."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இப்படி ஒரு சிநேகிதன் யாருக்குக் கிடைப்பான்?

அன்று மாலையே பாடம் ஆரம்பம். கமலா ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"உள்ளே போனதும் என்ன பண்ணோணும்?"

"வணக்கம் சொல்லிட்டு நிக்கோணுங்க."

"நிக்கக் கூடாது. அவங்க சொல்றதுக்குள்ளே நீயே உட்காரு. தைரியம்னு நினைப்பாங்க."

"சரிங்க."

"எதுக்குப் படிக்க வந்தேன்னு கேப்பாங்க."

"தோட்டத்து வெளைச்சலை நாமளே நல்லபடியா விக்கறதுக்குன்னு சொல்லலாமுங்களா?"

"அதெல்லாம் வேண்டாம். ஊட்டு வேலை சலிச்சுப்போச்சு, அதான் வந்தேன்னு சொல்லு. உண்மை பேசினா மதிப்பு."

"சரிங்க."

"மேனேஜ்மெண்ட்னா என்னன்னு கேட்டா?"

"நீங்களே சொல்லுங்க."

"எப்படியோ சமாளிக்கறதுன்னு சொல்லு. அவங்க போதும்னு சொன்னாலும் பேச்சை நிறுத்தாதே."

"சரிங்க."

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். இரண்டு வருஷத்தில் கமலா என்னிடம் தொடர்ந்தாற்போல் மூன்று 'சரிங்க' சொன்னது அன்றுதான். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெருமைதான் வந்தது.

நாலாம் நாள் பாடத்தின் நடுவே எழுந்தாள்.

"ஏனுங்க, உலை கொதிக்குது. நீங்க சொன்னதை நான் நெட்டுருப் போடறேன். அந்த அரிசியைக் களைஞ்சு போட்டு வடிச்சிருங்களா?"

அவள் தோற்க வேண்டுமானால் நெட்டுருப் போட்டாக வேண்டும். நான் வடித்தேன்.

ஏழாம் நாள் மோட்டார். "பத்தாவது கேள்வி இன்னும் வாயில நிக்கலீங்க. மோட்டாரைப் போட்டுட்டு வந்திருங்க." போட்டேன். ஒரு தடவை ஷாக் அடித்தது. ஒன்பதாம் நாள் ஆட்களை நானே கடலைக் காட்டுக்கு ஏவினேன். பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் வேலை செய்தார்கள். பன்னிரண்டாம் நாள் ரசம் வைத்தேன். ஒரு நல்ல காரியத்துக்குக் கஷ்டப்படத்தான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

இருபதாம் தேதி காலை பஸ்ஸுக்கு நிற்கிறோம். கிளிப்பச்சைப் பட்டும் கல்யாண நகை மொத்தமும் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தேன். அவள் வெள்ளைக் கைத்தறிச் சேலையில் வந்தாள். காதில் தோடு மட்டும்.

"பட்டு எங்கே?"

"பஸ்ல கசங்கிருமுங்க."

பஸ் வந்துவிட்டது.

காலேஜ் வராந்தாவில் டை கட்டிய பையன்கள் பன்னிரண்டு பேர். பெண் என்று இவள் ஒருத்திதான். ஒவ்வொருவனும் பத்து நிமிஷத்தில் வியர்த்து வெளியே வந்தான். கமலா உள்ளே போனாள். இருபது நிமிஷம் ஆயிற்று. அரை மணி ஆயிற்று. திடீரென்று உள்ளேயிருந்து சிரிப்பு. மூன்று பேர் சேர்ந்து சிரிக்கிற சிரிப்பு.

வேலை முடிந்தது என்று நினைத்தேன். நினைத்தபடி சந்தோஷம் வரவில்லை. படித்த மனிதர்களுக்கு நடுவே அவள் தலைகுனிந்து நிற்பது கண்ணில் வந்தது. அவளுக்கு அம்மா கிடையாது. எதையும் கேட்டு அழுகிற பழக்கமும் கிடையாது. கதவைத் தட்டி, "தப்பு என்னுதுங்க" என்று சொல்லிவிடலாமா என்று எழுந்தேன்.

கதவு தானே திறந்தது. பியூன் எட்டிப் பார்த்தார்.

"கமலாத்தாள் ஊட்டுக்காரர் யாருங்க? உள்ளே வரச் சொல்றாங்க."

உள்ளே மூன்று புரொபசர்கள். கமலா ஓரமாக உட்கார்ந்திருந்தாள். மேஜை மேல் அவளுடைய நோட்டுப் புத்தகம் விரிந்து கிடந்தது. யாரும் சொல்வதற்குள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நடுவில் இருந்த வழுக்கைக்காரர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துத் தலையாட்டினார்.

"மிஸ்டர் ரத்தினசாமி, மேனேஜ்மெண்ட் என்றால் என்ன?"

"எப்படியோ சமாளிக்கறதுங்க" என்றேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

மூன்று பேரும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு வழுக்கைக்காரர் விளக்கினார். வந்த எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டார்களாம். உங்கள் முயற்சிக்குக் குறுக்கே நின்ற ஒருவரை எப்படிச் சமாளித்தீர்கள்? பையன்கள் எல்லோரும் புத்தகத்தில் இருப்பதைச் சொன்னார்களாம். கமலா மட்டும் நோட்டை எடுத்து வைத்தாளாம். இடது பக்கத்தில் நான் சொல்லிக்கொடுத்தவை. வலது பக்கத்தில் அவள் எழுதியவை. அவர் வாய்விட்டுப் படித்தார்.

"முதல் நாள். நான் தோற்பதற்குச் சொல்லிக்கொடுக்கிறார். கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். இது கெட்ட எண்ணம் இல்லை, பயம். சோற்றுக்குப் பயம், தோட்டத்துக்குப் பயம், தனியாக இருக்கப் பயம். பயத்தைக் குறைத்தால் எதிர்ப்பு குறையும்."

நான் கமலாவைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"நாலாம் நாள். சோறு வடித்தார். குழைந்துவிட்டது. ஏழாம் நாள். மோட்டார் போட்டார். பெருமையாக என்னைப் பார்த்தார். ஒன்பதாம் நாள். ஆட்கள் பேச்சுக் கேட்டார்கள். பன்னிரண்டாம் நாள். ரசம், உப்பு சரி. இனி இரண்டு வருஷம் தாங்குவார்."

புரொபசர் நோட்டை மூடினார். "உங்கள் மனைவிக்கு இடம் கொடுத்துவிட்டோம். உங்களுக்கு ஆட்சேபணை இருக்கிறதா?"

"ம்" என்றேன். அதற்கு அவர்கள் என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டார்களோ, கையெழுத்துப் போடச் சொல்லிப் பாரத்தை நீட்டினார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் க. க. சாவடி தாண்டியதும் கேட்டேன்.

"முதல் நாளே தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுங்க."

"பின்னெ எதுக்கு நான் சொன்னதையெல்லாம் எழுதினே?"

"நீங்க அத்தனை பாடுபட்டுச் சொல்லிக்குடுத்தீங்க. எழுதாட்டி உங்க மனசு சங்கடப்படுமுங்களே."

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அன்றைய அதிர்ச்சிகளிலேயே பெரியது.

ஜூலையில் ஹாஸ்டலில் சேர்ந்தாள். சனிக்கிழமை வருவாள், திங்கட்கிழமை போவாள். ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. கமலாவும் வழுக்கைக்காரரும் இறங்கினார்கள். பின்னாலேயே மாணவர்கள் இருபத்து மூன்று பேர். நிஜத்தில் நடந்த ஒன்றை வகுப்பில் பாடமாக வைத்தால் அதற்குப் பேர் 'கேஸ்'; அப்படிப் படித்த ஒரு கேஸை நேரில் பார்த்து ஆராய வந்திருக்கிறார்களாம். சாப்பாடு வேளை. நான் அடுப்பைப் பற்ற வைத்தேன்.

பந்தி முடிகிற நேரம், கண்ணாடி போட்ட பையன் ஒருவன் நோட்டைத் திறந்துகொண்டு கமலாவிடம் கேட்டான்.

"மேடம், கேஸை எப்போ பாக்கலாம்?"

"உங்க எலைக்கு மோர் ஊத்திட்டிருக்கறாருங்களே," என்றாள் கமலா, "அவருதான்."