நயாகராவில் எந்தப் பக்கம் தங்குவது

பிஸ்கட்டவே, நியூ ஜெர்சி
22-8-2001

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை சிவராமகிருஷ்ணன் அவர்களுக்கு, கிட்டுசாமி எழுதிக்கொள்வது. நம் இரு வீட்டு நலனையும் போன ஞாயிறு போனில் கத்தியே விசாரித்து முடித்துவிட்டபடியால் அதைத் தாளில் மறுபடி எழுதவில்லை. உங்கள் அக்கா மரகதத்தின் முழங்கால் மட்டும் இந்த ஊர்க் கார்ப்பெட்டில் நடந்து கொஞ்சம் தேவலாம்.

"அக்டோபர்ல நாங்க வர்றப்ப நயாகராவுக்குப் போனா அமெரிக்கா பக்கம் தங்கறதா, கனடா பக்கம் தங்கறதாங்க மச்சான்?" என்று நீங்கள் கேட்டபோது லைன் அறுந்துவிட்டது. இரண்டு வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய கேள்விதான். ஆனால் அந்த இரண்டு வார்த்தையை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதைச் சொல்லாவிட்டால் நீங்களும் நான் செய்ததையே செய்வீர்கள் என்பதால் விவரமாக எழுதுகிறேன். வசந்தாமணியையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்டவும். கடைசிப் பகுதியை மட்டும் மனதுக்குள் படித்துக்கொள்ளவும்.

எல்லாம் கந்தசாமி என்பவரால் வந்தது. திருப்பூர்க்காரர், எங்களைப் போலவே மகன் வீட்டுக்கு வந்திருப்பவர், தினமும் காலையில் இந்த அப்பார்ட்மென்டைச் சுற்றி என்னோடு நடப்பவர். அவர் மகன் அவரைக் கனடா பக்கத்தில் ஒரு பெரிய ஹோட்டலில் தங்க வைத்தானாம். படுக்கையில் படுத்தபடியே அருவி தெரியுமாம். ஜன்னலோடு சேர்த்து எடுத்த போட்டோவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாரத்தில் நான்கு நாள் காட்டுவார். "அமெரிக்காப் பக்கம் நின்னா அருவியோட முதுகுதானுங்க தெரியும். மூஞ்சி தெரியோணும்னா அக்கரைக்குத்தான் போகோணும்" என்பார். முதுகு பார்க்கவா கோபியிலிருந்து இவ்வளவு தூரம் வந்தோம் என்று எனக்கு ரோசம் வந்துவிட்டது. நம் பையன் சபரியிடம் சொன்னேன். "வேண்டாங்ப்பா, இந்தப் பக்கமே போதும்" என்றான். கனடாவுக்குத் தனி விசா வேண்டும், அதற்கு நியூயார்க் போய் நிற்க வேண்டும், அவனுடைய பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா முத்திரை வேறு காலாவதி ஆகிவிட்டது, வெளியே போனால் திரும்ப வருவதில் கேள்வி வரும் என்று என்னென்னவோ சொன்னான். பெற்ற தகப்பனுக்காக ஒரு நாள் லீவு போட மாட்டானா, கந்தசாமி மகனால் முடிந்தது இவனால் முடியாதா என்று நானும் சாப்பிடும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் தட்டோடு எழுந்து போவான். மருமகள் தாமரைச்செல்விதான், "மாமா, இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுங்களா?" என்று பேச்சை மாற்றும். சிக்கனம் பார்க்கிறான் என்று நினைத்தேன் மாப்பிள்ளை. அமெரிக்கா வந்தால் பிள்ளைகள் இப்படி ஆகிவிடுகிறார்கள் என்றுகூட நினைத்தேன்.

முடிவில் அமெரிக்கா பக்கம், அருவியிலிருந்து தள்ளி, பெட்ரோல் பங்குக்குப் பின்னால் ஒரு மோட்டல்தான் போட்டான். போன வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கிளம்பினோம். புளிசாதம், தயிர்சாதம், பேத்தி ஓவியாவுக்கு இட்லி. எல்லார் பாஸ்போர்ட்டும் இருக்கும் ரெக்சின் பையை நான் வழக்கம்போல் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். "அது வீட்டுலயே இருக்கட்டுங்ப்பா, யாரும் கேக்க மாட்டாங்க" என்றான். நான் விடவில்லை. முன்சீட்டில் மேப்பை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். போக்குவரத்துக் கழகத்தில் முப்பது வருடம் ரூட் போட்டவனுக்கு ஒரு ஊரில் வழி சொல்லத் தெரியாதா? ஏழு மணி நேரமும் ஒரு தப்பும் நடக்கவில்லை. ஊருக்குள் நுழைந்ததும்தான் சாலை மூன்றாகப் பிரிந்தது. அதில் ஒன்றில் அருவி, பாலம் என்று இரண்டும் எழுதியிருந்தது. அருவி என்ற எழுத்தைப் பார்த்தவன் பாலம் என்ற எழுத்தைப் பார்க்கவில்லை. "ரைட்ல போ சாமி, ரைட்ல!" என்று கத்தினேன். "அப்பா, அது பிரிட்ஜ் மாதிரி..." என்று அவன் இழுப்பதற்குள் பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவனும் ரைட்டில் போய்விட்டான்.

அதற்குப் பிறகு திரும்ப வழியே கிடையாது. இரண்டு பக்கமும் சுவர், முன்னும் பின்னும் வண்டி, அந்தப் பக்கம் கனடா. சபரி கண்ணாடியில் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "ஏம்ப்பா, தப்பா வந்துட்டோம்னு சொன்னாத் திருப்பி அனுப்ப மாட்டாங்களா?" என்றேன். பாலத்தின் நடுவில் வண்டிகள் நின்றுவிட்டன. பின்சீட்டில் உங்கள் அக்கா, "ஏனுங்க, அங்க பாருங்க! அட, இங்கிருந்து ரெண்டு அருவியும் முழுசாத் தெரியுதுங்க!" என்று கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். கந்தசாமி சொன்ன அதே முகம்தான், ஜன்னலுக்கு வெளியே வெயிலில் பளபளவென்று விழுந்துகொண்டிருந்தது. மூன்று மாதம் அதற்காகச் சண்டை போட்ட நான் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. மகன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில் மனது ஒரு கணக்குப் போட்டது. காரில் ஐந்து பேர். எனக்கும் மரகதத்துக்கும் சுற்றுலா விசா, சபரிக்கு வேலை விசா, செல்விக்கு அந்த வேலை விசாவின் மனைவி விசா. இங்கே பிறந்ததால் அந்தப் பாலத்தைத் தடையில்லாமல் கடக்க உரிமை உள்ள ஒரே ஆள், இன்னும் செருப்பை இடம் மாற்றிப் போட்டுக்கொள்ளும் ஓவியாதான்.

கனடாக்கார அம்மாள் தன்மையாகவே நடந்துகொண்டார். விசா இல்லையா, சரி, என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து வண்டியைத் திருப்பச் சொன்னார். திரும்பி வந்தபோதுதான் அமெரிக்க அதிகாரி ஒவ்வொரு பாஸ்போர்ட்டாகப் புரட்டினார். என் ரெக்சின் பை இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. அந்தப் பையைப் பற்றி இதுவரை யாரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை, அது கிடக்கட்டும். சபரியைப் பார்த்து எந்தக் கம்பெனி என்று கேட்டார். சொன்னான். "இன்னமும் அங்கேதான் வேலையா?" என்றார். ஆமாம் என்று ஒரு தலையாட்டு ஆட்டியிருந்தால் முடிந்திருக்கும் மாப்பிள்ளை. அவன் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்து, "இந்த மாதக் கடைசி வரைக்கும் இருக்கிறேன். அதோடு வேலை முடிகிறது. வேறு தேடிக்கொண்டிருக்கிறேன்" என்று நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னான்.

எனக்குக் காதில் விழுந்தது அவன் பேச்சா, அருவிச் சத்தமா என்று ஒரு கணம் புரியவில்லை.

அதிகாரி மறுபடி காகிதங்களைப் பார்த்தார். பின்சீட்டுப் பக்கம் குனிந்து, ஏன் பாலத்துக்கு வந்தீர்கள் என்று பொதுவாகக் கேட்டார். நாங்கள் யாரும் வாய் திறக்கும் முன் ஓவியா, "தாத்தா செட், கோ ரைட்!" என்று என்னை நோக்கி விரலை நீட்டிவிட்டது. அந்த ஆள் முதல் தடவையாகச் சிரித்தார். பாஸ்போர்ட்டுகளைத் திருப்பிக் கொடுத்து, அடுத்த தடவை தாத்தா பேச்சைக் கேட்காதே என்று சபரியிடம் சொல்லிப் போகவிட்டார். முப்பது வருடச் சர்வீஸில் எனக்கு யாரும் மெமோ கொடுத்ததில்லை. அன்றைக்கு ஒன்று வாங்கினேன்.

மோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தோம். உங்கள் அக்கா மட்டும் கட்டிலில் சாய்ந்து, "இங்க படுத்தாலே அருவிச் சத்தம் கேக்குதுங்க" என்று திருப்திப்பட்டாள். அது ஏ.சி. என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் காலை அருவிக்கு நடுவே இருக்கும் தீவுக்குப் போனோம். கந்தசாமி சொன்ன முதுகு. தண்ணீர் காலடியிலேயே ஓடிவந்து, கம்பிக்கு அந்தப் பக்கம் சட்டென்று இல்லாமல் போகிறது. மரகதமும் செல்வியும் ஓவியாவுக்குப் பாப்கார்ன் வாங்கப் போன நேரம் பார்த்து நான் மெதுவாக, "ஏஞ்சாமி எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டேன்.

"என்னங்ப்பா?"

"வேலை போனதை ஏஞ் சொல்லலைன்னு கேட்டேன்!"

"கேக்கலீங்ப்பா!"

"வேலை! போனதை! ஏன் சொல்லலை!"

"நீங்க ஊருக்குப் போன பொறவு சொல்லலாமுன்னு இருந்தேனுங்ப்பா! இருக்கற வரைக்கும் சந்தோசமா இருந்துட்டுப் போகட்டும்னு!"

ரகசியம் பேச இதைவிட மோசமான இடம் உலகத்தில் இருக்காது. பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்ற ஒரு ஆள் எங்கள் பக்கம் திரும்பி, "எனக்கு ஜூன்லயே போய்டுச்சு சார்!" என்று கத்தினார். பெயர் சேனாபதி, ஜெர்சி சிட்டிக்காரர், ஏதோ பாங்குக்கு கான்ட்ராக்டில் வேலை பார்த்தவராம். "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சார், அதோ எங்க மாமனார் நிக்கறார், அவருக்கு இன்னும் சொல்லல!" என்று அதையும் கத்தித்தான் சொன்னார். "மெதுவாப் பேசினா கேக்க மாட்டேங்குதுங்களே!" என்றேன். சபரி சிரித்தான். அவன் சிரித்து எத்தனை நாளாயிற்று என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சேனாபதியும் சிரித்தார். மாமனார் தூரத்திலிருந்து எதற்கென்று தெரியாமலே எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

சேனாபதி நகர்ந்த பிறகு, "ஊருக்கு வந்தா என்ன சாமி கொறஞ்சு போச்சு?" என்று கேட்டேன். "வரக்கூடாதுன்னு இல்லீங்ப்பா. நானா வர்றது வேற, அனுப்பி வர்றது வேறைங்ப்பா" என்றான். எனக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. எத்தனை பேருக்கு மாறுதல் உத்தரவு கொடுத்திருக்கிறேன். கேட்டு வாங்கி வருகிறவனும் தண்டனையில் வருகிறவனும் ஒரே பஸ்ஸில்தான் வந்து இறங்குவார்கள். டீக்கடை வரை நடப்பதிலேயே யார் எவர் என்று தெரிந்துவிடும். என் பையன் அப்படி இரண்டாவது ஆளாக நடந்து வந்து கோபி பஸ் ஸ்டாண்டில் இறங்க வேண்டாம். நான் கந்தசாமி மகன் பேச்சையே எடுக்கவில்லை. அவன் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். இரண்டு பேரும் தொப்பலாக நனைந்தோம். அந்தத் தண்ணீருக்கு எந்தப் பக்கம் எந்த நாடு என்று ஒன்றும் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

ஆகையால் மாப்பிள்ளை, அமெரிக்கா பக்கமே தங்குங்கள். ஊருக்குள் நுழைந்ததும் இடது பக்கமாகவே போங்கள். இனி மனதுக்குள் படிக்க வேண்டிய பகுதி. வேலை விஷயத்தை மேலேயே எழுதிவிட்டேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது, வசந்தாமணியின் காதில் விழுந்திருந்தால் யாரிடமும் சொல்லாமல் இருக்கச் சொல்லவும். வேலை விஷயம் உங்கள் அக்காவுக்குத் தெரியாது. அதிகாரியிடம் ஆங்கிலத்தில் பேசியதால் அவளுக்குப் புரியவில்லை, அருவிக் கரையிலும் அவள் பக்கத்தில் இல்லை. தெரிந்தால் ராத்தூக்கம் கெடும். சபரியும் நானும் மட்டும் சுமந்துகொள்வதாக முடிவு செய்திருக்கிறோம். போனில் வாய் தவறி எதுவும் கேட்டுவிட வேண்டாம்.

உங்கள் வீட்டில் நினைத்த காரியமெல்லாம் நினைத்தபடி கைகூட சென்னிமலையாண்டவன் துணையிருக்கட்டும். வசந்தாமணிக்கு எங்கள் அன்பு. பெரியவர்களுக்கு வணக்கம், சின்னதுகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மச்சான்,
கிட்டுசாமி

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதறேன். தபால் பெட்டியில போடச் சொல்லி எங்கிட்டயே குடுத்துட்டு உம் மச்சான் வாக்கிங் போயிருக்காரு. ஒட்டறதுக்கு முன்னால படிச்சுப் பாத்தேன். சபரிக்கு வேலை போகப்போறது எனக்குப் போன மாசமே தெரியும். செல்வி வெண்டைக்காய் நறுக்கறப்ப சொல்லிட்டா. இவருக்கு பிரஷர் ஏறும்னு நாங்க ரெண்டு பேரும்தான் சுமந்துட்டிருந்தோம். இப்ப இவரு எனக்குச் சொல்லாமச் சுமக்கறாராம். சுமக்கட்டும், நீயும் தெரிஞ்சதாக் காட்டிக்காதே. இன்னொண்ணு, இது சபரிக்கும் செல்விக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவங்க ரெண்டு பேரும் மார்ச்சு மாசமே கனடாவுக்குக் குடி போக அப்ளை பண்ணிட்டாங்க. நேத்து அங்கிருந்து பதில் வந்திருக்குது, நல்ல பதிலாத்தான் இருக்கும்போல. அதனால இவரு எழுதினதை நம்பி மோட்டல் எதுவும் போட்டறாதே. எதுக்கும் கனடா விசாவும் சேத்து வாங்கிக்கோ. நீ வர்றப்ப பசங்க எந்தப் பக்கம் இருக்கறாங்களோ, அந்தப் பக்கம் தங்கிக்கலாம்.