என் தலையில் ஒரு வரப்பு

இதுவரை எந்த வண்டியும் என்மீது மோதியதில்லை. ஆனாலும் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் மாமனாரின் தெருக்காரர்கள், நான் விபத்தில் பிழைத்து வந்தவன் என்றே இன்றும் நம்புகிறார்கள்.

காரணம் என் முன்மண்டை. பெண் பார்க்கப் போன அன்று, இடது காதுக்கு மேலிருந்த முடியை வலது காதுவரை இழுத்து வந்து ஜெல் போட்டு ஒட்டியிருந்தேன். (மின்விசிறிக்கு அடியில் உட்காரச் சொன்னார்கள். காற்று ஒத்துக்கொள்ளாது என்றேன். சித்திரை மாதம்.) எனக்குப் பெண்ணைப் பிடித்தது, அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது. மறுவாரம் பூ வைத்தார்கள். கல்யாணத்துக்கு ஏழு மாதம் இருந்தது. அதற்குள் வழுக்கை தெரிந்தால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று பயந்து, மதுரைக்குப் போய் முடி நட்டுக்கொண்டு வந்தேன்.

வரும்போது ஒரு தாள் கொடுத்தார்கள். பத்து நாள் சாய்ந்தபடிதான் தூங்க வேண்டும், அடிக்கடி உப்புநீர் தெளிக்க வேண்டும், நட்ட இடத்தை எதனாலும் மூடக் கூடாது. கடைசி வரிக்கு அடியில் டாக்டர் பேனாவால் இரண்டு கோடு போட்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலை, மாமனாராகப் போகிறவர் என்னைப் பார்க்கக் கிளம்பிவிட்டதாகப் போன் வந்தது. மாப்பிள்ளை ஏன் வேலைக்குப் போகவில்லை என்று அவர்கள் வீட்டில் கேட்டதற்கு, பைக்கில் போனவன்மேல் வண்டி மோதி மண்டையில் அடி என்று அம்மா சொல்லிவைத்திருந்தாள். அடிபட்ட மண்டைக்குக் கட்டு வேண்டுமே? எங்கள் இராஜபாளையத்தில் கட்டுத்துணிக்கா பஞ்சம்? நான் வேலை பார்ப்பதே பேண்டேஜ் கம்பெனியில். ஊர் ஊராக ஆஸ்பத்திரிகளுக்குச் சரக்கு அனுப்புகிறவனுக்கு ஒரு டாக்டர் கட்டுப் போடாதே என்பதா என்றுகூட நினைத்தேன். காஸ் என்கிற வலைத்துணியை நாலாக மடித்து வைத்து, மேலே ஒரு ரோல் பேண்டேஜை இறுக்கிச் சுற்றினேன். கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே என்மேல் இரக்கம் வந்தது.

மாமனார் போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது வத்திராயிருப்பில் நெல் போடுகிறார். மாம்பழப் பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, நாற்காலியை என் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஸ்டேஷனில் சொல்லி வண்டியைப் பிடித்துவிடலாம், என்ன வண்டி என்று கேட்டார். நான் லாரி என்றேன். அதே நொடியில் அம்மா ஆட்டோ என்றாள்.

அவர் முகம் மாறவில்லை. "எத்தன தையலு, மாப்ள?"

"ஏழு" என்றேன். (ஏன் ஏழு என்று இன்றுவரை தெரியாது.)

கட்டுத்துணியில் ரத்தம் கசிந்திருப்பதாகச் சொல்லி, அவரே அவிழ்க்கத் தொடங்கினார். மேல்சுற்று சுலபமாக வந்தது. அடியிலிருந்த காஸ் காய்ந்து மண்டையோடு ஒட்டியிருந்தது. நான் வேண்டாம் என்பதற்குள் ஒரே இழுப்பு. துணியில் என் முடி நாலு வரிசையாக நின்றது.

அவர் துணியைப் பார்த்தார். பிறகு என் மண்டையில் புள்ளி புள்ளியாக நின்ற மிச்ச வரிசைகளைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்டு, டாக்டர் கொடுத்த தாளை நீட்டினேன். கண்ணாடி போட்டு முழுவதும் படித்தார்.

"நடவு நட்ட மூணாம் நாளு, வயல்ல யாராச்சும் ஜமக்காளத்த விரிப்பாகளா மாப்ள?"

சம்பந்தம் என்னாகும் என்று அம்மா கேட்டாள்.

"வழுக்க அன்னைக்கே தெரியும். இவுக கார்ல ஏறையில காத்துல தூக்கிட்டு நின்னுச்சு. எம்மகதான் மொதல்ல பாத்தா. பாத்துட்டுத்தான் சரின்னா."

தெருவில் அவர் ஏற்கெனவே விபத்து என்று சொல்லியாகிவிட்டதாம். அது அப்படியே இருக்கட்டும் என்றார். பிறகு உப்புநீர் பாட்டிலை எடுத்து, மீதி நடவுக்குத் தானே தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார்.

மற்றவை கொட்டி, மறுபடி முளைத்து, கல்யாணத்துக்குள் ஓரளவு தலை நிறைந்தது. பிடுங்கிய நாலு வரிசை மட்டும் வரவே இல்லை. நெற்றிக்கு மேலே குறுக்காகக் கிடக்கும் அந்த வெற்றிடத்துக்கு எங்கள் வீட்டில் வரப்பு என்று பெயர். எண்ணெய் தேய்த்துவிடும்போதெல்லாம் என் மனைவி அதில் விரலை வைத்து, லாரியா ஆட்டோவா என்று கேட்கிறாள். ஆறு வருடமாகியும் நானும் அம்மாவும் ஒரு முடிவுக்கு வரவில்லை.