கஞ்சன் என்று பேர் வாங்கித் தந்த சிங்கி இறால்கள்

டன்லப் குடா, மெயின் மாநிலம்
புதன்கிழமை சாயங்காலம்

கடற்காவல் அதிகாரியும் என் மனைவிக்கு அண்ணனுமாகிய லிண்டன் மச்சான் அவர்களுக்கு எல்வுட் மரியாதையோடு எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் தங்கை வெர்னா, மகள் டெலியா, படகு எல்லாரும் சுகம். அங்கே உங்கள் முழங்கால் வலி தேவலையா? நிற்க.

சனிக்கிழமை டெலியாவுக்குக் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பது இப்போது உங்கள் கையில்தான் இருக்கிறது. நேற்று பாஸ்டனிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா அம்மா வந்தார்கள். அவர் பெரிய நீதிபதி, பிரெஸ்காட் என்று பெயர். நான் பிடித்த சிங்கி இறாலைச் சாப்பிடத்தான் இவ்வளவு தூரம் வந்ததாகச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்று காலையில் இரண்டு பேரையும் படகில் ஏற்றிக்கொண்டு போய் முதல் கூண்டைத் தூக்கினால் உள்ளே நாலு சிங்கி, அந்தம்மா கைதட்டுகிறார், நான் பித்தளை அளவுகோலை முதுகில் வைத்துப் பார்க்கிறேன், நாலும் பொடிசு, கடலுக்கே போச்சு. அடுத்ததில் பூனை பருமனுக்கு ஒன்று, அது சட்டத்துக்கு மிஞ்சின பெரிசு, அதுவும் போச்சு. அதற்கடுத்து வயிறு நிறைய முட்டையோடு ஒரு தாய், இனி யாரும் பிடிக்காதபடி வாலில் அடையாளம் வெட்டி அதையும் விட்டாச்சு. நீதிபதி முகம் சுண்டிப்போச்சு. சட்டம்ங்க என்றேன். முப்பது வருஷம் சட்டத்தோடேயே குடும்பம் நடத்தினவராம், இப்படி ஒண்ணைக் கேள்விப்பட்டதே இல்லையாம். அப்புறம் மனசு இரங்கி, உங்களுக்குக் கை வலிக்கும், வீசுற வேலையை நான் பார்க்கிறேன் என்று பின்பக்கம் போய் உட்கார்ந்துக்கிட்டார். நானும் அளந்து அளந்து அவர் கையில கொடுத்தேன். கரைக்கு வந்தப்போ தேறினது ரெண்டே ரெண்டு.

ரெண்டை வெச்சுக்கிட்டு யாருக்குன்னு போடறது? வெர்னா பீன்ஸ் வேகவெச்சா. சிங்கி பிடிக்கிறவன் வீட்டுல சம்பந்திக்குப் பீன்ஸ். அந்தம்மா கரண்டியால கிளறிக்கிட்டே டெலியா காதுபடச் சொன்னாங்க: "பொண்ணுக்குச் செய்யறதையும் அளவுகோல் வெச்சுத்தான் செய்வாரு போல."

டெலியா எழுந்து போய்க் கதவைச் சாத்தினவதான், கல்யாணமே வேண்டாம்கிறா. மாப்பிள்ளை வெளியே நின்னு கெஞ்சுறான். நான் கஞ்சனா மச்சான்? பக்கத்துப் படகுல விலைக்கு வாங்கிட்டு வான்னு வெர்னா சொல்றா. அது படகுத்துறையில தெரிஞ்சா நான் படகை வித்துட்டு உருளைக்கிழங்கு தோண்டத்தான் போகணும்.

அதனால நீங்க சனிக்கிழமை விடியக்காலமே சீருடையோட வந்து, அளவு குறைஞ்ச சிங்கி ஒண்ணுகூட இந்த வீட்டு வாசப்படி ஏறினதில்லைன்னு நாலு பேர் முன்னால சொல்லணும். எனக்குப் பெரிசா வேற ஆசை இல்ல.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும். உங்கள் படகு எந்தப் பாறையிலும் தட்டாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
என்றும் சட்டப்படி நடக்கும்
எல்வுட்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அடுப்படியிலிருந்து வாசனை வந்தது. போய்ப் பார்த்தால் நீதிபதி சட்டைக் கையை மடித்துக்கொண்டு பெரிய பானைக்கு முன்னால் நிற்கிறார். வீசச் சொல்லி நான் கொடுத்த பொடிசுல பாதியை அந்தம்மாவோட சாப்பாட்டுக் கூடைக்குள்ள போட்டிருக்கார். "கேஸ் வந்தா நான் பார்த்துக்கறேன், நீங்க வெண்ணெயை உருக்குங்க சம்பந்தி" என்கிறார். டெலியா கதவைத் திறந்துட்டா. அந்தம்மா கொடுக்கை உடைச்சு அவளுக்கு ஊட்டி விடறாங்க. இனி நான் ஏதாவது சொன்னா கல்யாணம் நின்னுடும்னு உட்கார்ந்து நானும் மூணு தின்னேன். பொடிசுல இவ்வளவு ருசியா மச்சான்? இத்தனை வருஷமா கடல்ல வீசினதை நினைச்சா வயிறு எரியுது. கல்யாண விருந்துக்கும் இதே மாதிரி பிடிச்சாகணும்னு சம்பந்தி ஒத்தக்கால்ல நிக்கறார். கல்யாணம் சனிக்கிழமைதான். நீங்க ஞாயிற்றுக்கிழமை வந்தாப் போதும்.