ம்ஹும் அண்ணையின் ஒரு நிமிடம் இருபது விநாடி

வன்னியில் யானைக்குப் பயப்படாத ஆட்கள் பலரை எனக்குத் தெரியும். ம்ஹும் அண்ணைக்குப் பயப்படாத ஒருவரைக்கூடத் தெரியாது. தோட்டத்துக்குள் யானை வந்தால் வெடி கொளுத்திக்கொண்டு எதிரே போகிற மனிதர்கள், மாங்குளம் சந்தியில் அவருடைய தகரக் கொட்டிலுக்கு முன்னால் மட்டும் கைகட்டி நின்றார்கள். அவர் யாரையும் அடித்ததில்லை, ஏசியதுமில்லை. தண்ணீர் இறைக்கிற மிசின் திருத்துகிறவர், அவ்வளவுதான்.

அவருடைய முறை இது. முனகிக்கொண்டு ஓடுகிற மிசினில் நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை வைப்பார். பிடியைக் காதில் வைப்பார். கண்ணை மூடுவார். ஒரு நிமிடம் இருபது விநாடி. கைக்கடிகாரத்தில் நாலு தடவை அளந்து குறித்து வைத்திருக்கிறேன். பிறகு கண்ணைத் திறந்து, சத்திரசிகிச்சை அறையிலிருந்து தனியாக வெளியே வருகிற டொக்டரின் முகத்தோடு, தலையை இரண்டு பக்கமும் ஆட்டி, "ம்ஹும்" என்பார்.

அரை மணித்தியாலத்தில் மிசின் புதிது போல ஓடும் என்பது உண்மைதான். ஆனால் அந்த அரை மணித்தியாலத்தை உயிரோடு கடக்க வேண்டுமே!

விசுவமடுவிலிருந்து வந்த ஒருவர் அந்த "ம்ஹும்" கேட்டவுடன் கொழும்பிலிருந்த மகனுக்குப் போன் எடுத்து, "எல்லாம் முடிஞ்சுது, உடன வா" என்று சொல்லிவிட்டு அழுதார். அவர் சொன்னது மிசினை. மகன் நினைத்தது அம்மாவை. அடுத்த நாள் காலை பஸ்ஸால் வெள்ளை வேட்டியோடு இறங்கி ஓடிப்போனவனுக்குக் கதவு திறந்தது அம்மா. அங்கேயே மயங்கி விழுந்தான். கிணற்றடியில் மிசின் கம்பீரமாக இறைத்துக்கொண்டிருந்தது.

என் அனுபவமும் உண்டு. கால் ஏக்கர் மிளகாய், பூக்கிற பருவம், இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை.

"அண்ணை, சரிவருமோ?"

"ம்ஹும்."

"ஒரு வழியுமில்லையோ?"

"தம்பி, நான் ஒண்டும் சொல்லேலாது."

"நாளைக்காவது?"

"நாளையைப் பற்றி ஆருக்குத் தெரியும்?"

பதினொன்று பத்துக்கு இதைச் சொன்னார். பதினொன்று முப்பத்தைந்துக்கு மிசின் ஓடியது. எனக்கு நெஞ்சுப் படபடப்பு நிற்கப் பின்னேரம் ஆயிற்று.

இப்படியிருக்க, வீதிக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட கடை ஒன்று திறந்தார்கள். நீலச் சேர்ட் போட்ட பெடியள். மிசினை இறக்க முன்னமே கதிரை போட்டு, "ஒரு பிரச்சினையுமில்லை ஐயா, நாளைக்கு வாங்கோ" என்றார்கள். அங்கே திருத்திய மிசின் நாலாம் நாள் திரும்பவும் முனகும். சனம் திரும்பவும் அங்கேதான் கொண்டுபோனது. வேலை மோசமாக இருந்தாலும் அங்கே பயமில்லை. ஒரு வாரம் எண்ணிப் பார்த்தேன். அந்தப் பக்கம் பதினெட்டு மிசின். இந்தப் பக்கம் ஒன்று. அந்த ஒன்று என்னுடையது.

அண்ணையின் மனுசி பவளக்கா தேத்தண்ணியோடு வந்து மனதில் இருந்ததைப் போட்டுடைத்தா.

"தம்பி, நீங்களே கேளுங்கோ. வவுனியாவில என்ர தம்பி தன்ர கடையில கணக்குப் பார்க்கக் கூப்பிடுறான். இந்த மாசத்தோட உந்தக் கொட்டிலைப் பூட்டச் சொல்லுங்கோ."

அண்ணை ஸ்குரூ டிரைவரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணை, சனத்துக்கு உங்கட வேலையில பயமில்லை. உங்கட ம்ஹுமிலதான் பயம்."

"எனக்கும்தான் பயம்," என்றார். "சண்டைக் காலத்துப் பொருளாதாரத் தடை நேரம் ஒரு மனுசனுக்குச் 'சரிவரும்' எண்டு சொல்லிப்போட்டன் தம்பி. மிசினுக்குப் போடுற சாமான் வரேல்லை. வெங்காயம் முழுக்கக் கருகிப்போச்சு. அந்த மனுசன் ஒரு வார்த்தை ஏசேல்லை. ஒன்பது நாள் காலமை வந்து உந்த வாங்குப் பலகையில இருந்திட்டுப் போச்சுது. அதுக்குப் பிறகு நான் ஒருத்தருக்கும் நம்பிக்கை குடுக்கிறதில்லை."

அந்தக் காலத்துக்கு அது நேர்மை. சாமான் எல்லாம் சந்தியிலேயே கிடைக்கிற இந்தக் காலத்துக்கு அது வெறும் கிலி. இதுவரை ஒரு தாளும் கிழிக்காத என் நாட்குறிப்பிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டிய ஐந்து வசனங்களை எழுதிக் கொடுத்தேன்.

அது பெரிய பிழை. அடுத்த நாள் வந்தவரிடம் முதல் வசனத்தை, அதே டொக்டர் முகத்தோடு சொன்னார்: "பயப்பிடாதேங்கோ." வந்தவர் மிசினைத் திரும்ப ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். இரண்டாம் ஆளுக்குச் சிரித்துக் காட்டினார். வாசலில் எட்டு வருடமாகப் படுத்திருந்த நாய் எழும்பி வீதியைக் கடந்து போய், கண்ணாடிக் கடை வாசலில் படுத்தது.

"நாயும் போட்டுது," என்றா பவளக்கா.

மூன்றாம் நாள் காலை அண்ணை முழுகி, கலியாண வீட்டுச் சேர்ட் போட்டுக்கொண்டு, நாய் போன வழியே வீதியைக் கடந்தார். நேரே கண்ணாடிக் கடைக்குள் போய்க் கதிரையில் இருந்தார். அவர் சண்டைக்கு வந்துவிட்டார் என்று நீலச் சேர்ட்டுகள் சுவரோடு ஒட்டிக்கொண்டன. ஒருவன் சோடா உடைத்துக் கொடுத்தான். குடித்தார். எட்டரையிலிருந்து பதினொன்று வரை பார்த்துக்கொண்டேயிருந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"என்னண்ணை படிச்சனீங்கள்?"

"அவங்கள் ஆளைப் பார்க்கிறாங்கள் தம்பி. மிசினைப் பார்க்கிறாங்களில்லை. நான் இவ்வளவு காலமும் ஆளைப் பார்க்கேல்லை."

அன்று பின்னேரம் ஒரு தோட்டக்காரர் வந்தார், கண்ணாடிக் கடையில் இரண்டு தடவை திருத்திய மிசினோடு. அண்ணை ஸ்குரூ டிரைவரை எடுத்தார். காதுக்குக் கொண்டுபோனவர் நிறுத்தி, பிடியை அந்த மனிதரிடம் நீட்டினார்.

"நீங்களே கேளுங்கோ. டக்கு டக்கெண்டு கேக்குதோ?"

"ஓம்... ஓமண்ணை, கேக்குது!"

"அதுதான் இந்த மிசினுக்கு வந்த வருத்தம். வேறயொண்டுமில்லை."

கழற்றிய வால்வைக் கையில் கொடுத்து, தேய்ந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பூட்டிய பிறகு திரும்பவும் கேட்க வைத்தார். அந்த மனிதர் போகும்போது டொக்டர் மாதிரித்தான் நடந்து போனார். அடுத்த நாள் இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

இப்போது அந்தக் கொட்டிலில் வரிசை. ஒவ்வொருவரும் பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடித் தாங்களே "ம்ஹும்" என்று தலையாட்டுகிறார்கள். "சீச்சீ, அப்பிடிச் சொல்லாதேங்கோ, இது சரிவரும்" என்று தேற்றுவது அண்ணையின் வேலையாகிவிட்டது. "சரிவரும்" என்கிற இடத்தில் இன்னும் அவர் குரல் கொஞ்சம் நடுங்கும். பவளக்கா வவுனியாக் கதையை எடுப்பதில்லை. நாயும் திரும்பி வந்துவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை என் மிசினைக் கொண்டுபோனேன். அவர் வழக்கம்போல ஒரு நிமிடம் இருபது விநாடி கேட்டார்.

"தம்பி, இதுக்கு ஒண்டுமில்லையே. ஏன் கொண்டந்தனீங்கள்?"

"ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருந்தது அண்ணை."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வாங்கைத் துடைத்து இருக்கச் சொல்லிவிட்டு, குசினிப் பக்கம் திரும்பி இரண்டு தேத்தண்ணிக்குக் குரல் கொடுத்தார்.

அன்றைய பக்கத்தில் "மிசின் பழுது" என்று எழுதினேன். மீளக்குடியேறிய நாளிலிருந்து ஒரு நாள் விடாமல் எழுதுகிற நாட்குறிப்பில், தெரிந்துகொண்டே நான் எழுதிய பொய் அது ஒன்றுதான்.