ஈரத்துணியும் ஒரு பொய்யும்

இருபத்திரண்டு வருஷமாக மோட்டார் பட்டறையில் மெக்கர் என்ற சோதனை மீட்டரைப் பிடித்த கை அவருடையது. காயிலுக்குள் ஐந்நூறு வோல்ட் செலுத்தி, மின்சாரம் மோட்டாரின் இரும்பு உடம்புக்குக் கசிகிறதா என்று முள்ளைப் பார்த்துச் சொல்வதுதான் வேலை. அவர் சொன்னால் சொன்னதுதான்; முதலாளியே மறுபேச்சுப் பேச மாட்டார். வீட்டில்தான் அவர் பேச்சைக் கேட்க ஆளில்லை. மனைவி தையல் மிஷினுக்கு மோட்டார் மாட்டியதிலிருந்து, அவர் எதைச் சொன்னாலும் 'கடகட' என்பதே பதில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதற்கு முடிவு கட்டிவிடுவது என்று தீர்மானித்தார். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து மோட்டாரைத் திறந்தார், காயில்மேல் ஈரத்துணியைப் பிழிந்தார். அவள் வந்ததும் மெக்கரை வைத்துக் காட்டினார். முள் பூஜ்யத்தில் படுத்துவிட்டது. காயில் போச்சு, தொட்டால் ஷாக் அடிக்கும், இனி தேறாது என்றார். அவள் மிஷினுக்கு உறை போட்டு மூடினாள்.

சத்தம் நின்றது. ஆனால் அவர் எதிர்பார்த்த பேச்சு வரவில்லை. பாதி தைத்த சட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். மெக்கரை வைத்து அவர் அதுவரை யாரிடமும் பொய் சொன்னதில்லை. உண்மையைச் சொல்லிவிட நாலு தடவை வாயெடுத்தார். நாலு தடவையும் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து போனார்.

பத்தாம் நாள் வேலை முடிந்து வந்தவரிடம், மனைவி ஒரு பட்டறைச் சீட்டை நீட்டினாள்.

"இது யார் கையெழுத்துங்க?"

"என்னோடதுதான்."

"படிங்க."

"இருநூறு மெகா ஓம். நல்ல நிலை. தாராளமாக ஓட்டலாம்."

"என் மோட்டார்தான். அன்னிக்கு மேசையெல்லாம் ஈரமா இருந்துச்சு. வெயில்ல காயவெச்சு, பக்கத்து வீட்டு டிரைவர்கிட்ட உங்க பட்டறைக்கே குடுத்தனுப்பினேன்."

அவர் நாளைக்கு முப்பது மோட்டார் பார்ப்பவர். முள்ளைப் பார்ப்பாரே தவிர, மோட்டாரின் முகத்தைப் பார்ப்பதில்லை. தலை தானாகக் குனிந்தது.

"கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காருன்னு கேட்டிருந்தா, உக்காந்திருப்பேனே" என்றாள். நாலு திட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மறுநாளே மிஷின் பழையபடி ஓடியது. இப்போது அவர் பேச்சுக்கும் வீட்டில் மதிப்புண்டு. தலை வலிக்கிறது என்றால்கூட மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள். கேட்டு முடித்ததும் ஒரு தாளை நீட்டி, அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்கிறாள்.