பத்தாவது பெயில், எம்.இ.

“எந்தப் பாடத்துல பெயிலு?” என்று கேட்டார் நூல் மில் மேனேஜர் ஆனந்த்ராஜ்.

எம்.இ. படித்த விக்னேஷ்குமார் பவ்யமாகக் கையைக் கட்டிக்கொண்டான். “கணக்குல சார்.”

“எம்புட்டு மார்க்கு?”

வாங்கியது நூற்றுக்கு நூறு. “ஏழு சார்” என்றான்.

“சபாஷ்! பெரிய படிப்புக்காரனெல்லாம் மூணே மாசத்துல சொல்லாமக் கொள்ளாம ஓடிர்றான். அதான் மிஷின் ஓட்ட பத்தாவது தாண்டாத ஆளா எடுக்குறோம். பொய்யின்னு தெரிஞ்சா அன்னைக்கே வெளிய போயிரணும்!”

வேலை கிடைத்தது. கிடைத்தே ஆக வேண்டும். “படிப்பு கெடக்கட்டும், மாசாமாசம் சம்பளம் வருதா?” என்று கேட்டிருந்தார், கௌசல்யாவைக் கட்டிக்கொடுக்க இருந்த வருங்கால மாமனார்.

பத்தாம் நாள், புதிதாக வந்த கம்ப்யூட்டர் மிஷின் நின்றுவிட்டது. திரை முழுக்க இங்கிலீஷ். கூட வேலைபார்த்த மாயம்மாள் எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாள். பஞ்சுக்கு நடுவே சூடம் கொளுத்தப் போன ஆனந்த்ராஜை நாலு பேர் அமுக்கிப் பிடித்தார்கள்.

விக்னேஷ்குமாருக்குக் கை அரித்தது. அந்தச் சந்தடியில் மூன்று பட்டனைத் தட்டினான். மிஷின் ஓடியது.

“ஏலே, எப்பிடிலே?” பின்னால் ஆனந்த்ராஜ்!

“குத்துமதிப்பா அமுக்குனேன் சார். எனக்கு ஏபிசிடியே பாதி வரைக்குந்தான் வரும்.”

சேதி கேட்டு முதலாளி சடையாண்டியே வந்துவிட்டார். “அந்த மூலை மிஷினு ரெண்டு வாரமா படுத்துக் கெடக்கு. எழுப்பு பாப்போம்!”

இந்தத் தடவை மாட்டக் கூடாது. படித்தவன் எவனும் செய்யாததைச் செய்வதென்று முடிவெடுத்து, மிஷினின் விலாவில் ஓங்கி ஓர் உதை விட்டான்.

உள்ளே ஏதோ ஒயர் இடத்தில் போய் உட்கார்ந்தது. மிஷின் ஜம்மென்று சுற்றியது.

சடையாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. “நானும் அஞ்சாவதுதாண்டா அப்பு! படிக்காதவன் மூளையே தனி!” சம்பளத்தில் ஐந்நூறு ரூபாய் கூட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

தப்பித்தோம் என்று விக்னேஷ்குமார் மூச்சுவிட்டபோது, ஆபீஸ் கிளார்க் ஃபயாஸ் ஓடிவந்து கைகொடுத்தான்.

“அண்ணே, உங்களால மில்லுக்கு மாசம் அறுபதாயிரம் மிச்சம்! போன வருசம் மனுப் போட்ட ஒரு எம்.இ.க்கு இன்ஜினியர் வேலைன்னு இன்னைக்குத்தான் ஆர்டர் டைப் பண்ணேன். ‘இவன் இருக்கையில அவன் எதுக்கு’ன்னு முதலாளி கிழிச்சுப் போட்டுட்டாரு. பாவம்ணே, அவரும் உங்க ஊரு கன்னிவாடிதான், பேருகூட விக்னேஷ்குமாருதான்!”